குதிரை ஓடிய மண்

2024 செப்டம்பர் 9 அன்று சென்னை கிண்டி ரேஸ் கோர்ஸுக்கு வருவாய்த் துறையினர் சீல் வைத்தார்கள். 160 ஏக்கர் 86 சென்ட் நிலம். ஒரு மாதம்கூட ஆகவில்லை, அக்டோபர் 5 அன்று சிங்கப்பூரின் கிராஞ்சித் திடலில் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. 1842-ல் தொடங்கிய கிளப்பின் 182 ஆண்டு வரலாறு அந்த மாலையோடு முற்றுப்பெற்றது. கிண்டியின் விவகாரம் குத்தகையும் பாக்கியும் பற்றியது. கிராஞ்சியின் விவகாரம் வீடு கட்ட நிலம் வேண்டும் என்பது. காரணங்கள் வேறாக இருந்தாலும் இரண்டு இடத்திலும் அரசு கேட்டது ஒன்றைத்தான்: மண்ணைத் திருப்பிக் கொடு.

இந்த இரு செய்திகளையும் தென்காசியில் உட்கார்ந்து படித்தபோது, இந்தத் திடல்கள் யாருக்காக இருந்தன, யார் உழைப்பில் ஓடின, போர் வந்தபோது என்ன ஆயின என்று தேடிப் பார்க்கத் தோன்றியது. தென்காசிக்கும் ரேஸுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். குற்றாலச் சாரலில் ஜட்கா வண்டி ஓடியிருக்கிறது, பந்தயக் குதிரை ஓடியதாகத் தெரியவில்லை. ஆனால் கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடும்பம் குடும்பமாகச் சிங்கப்பூருக்குக் கப்பலேறிய முஸ்லிம்கள் இருக்கிறார்கள். மற்ற ஊர்களிலிருந்து ஆண்கள் மட்டும் போன காலத்தில், இந்தப் பக்கத்துப் பெண்களும் கூடப் போனார்கள். ஆண்கள் தஞ்சோங் பகார் துறைமுகத்தை ஒட்டி வேலை பார்த்தார்கள். பெண்கள் அம்மியில் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்கள். சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941-ல், ஊர் ஜப்பானியர் கையில் விழுவதற்குச் சில மாதங்களுக்கு முன் உருவானது. ஆகவே போருக்கு முந்தைய சிங்கப்பூர் எங்கள் பக்கத்து மக்களுக்குத் தொலைதூர நாடாக இருக்கவில்லை, இன்னொரு வீடாகவே இருந்தது. அந்த வீட்டின் நடுவே ஒரு பந்தயத் திடல் இருந்தது.

சிங்கப்பூருக்குப் போகுமுன் ஒரு பழைய கணக்கையும் சொல்லிவிடவேண்டும். குற்றாலத்தில் விழும் தண்ணீர் சிற்றாறாக ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்ந்து கடலுக்குப் போகிறது. அந்தக் கழிமுகத்தில் இருந்த காயல் துறைமுகத்தில்தான் பாண்டியர்களுக்கான அரபுக் குதிரைகள் இறங்கின. ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் வந்தன, ஒன்றின் விலை 220 பொன் தினார் என்று பாரசீக வரலாற்றாளர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே வந்த மார்க்கோ போலோ, வாங்கிய குதிரைகளில் பெரும்பகுதி ஓர் ஆண்டுக்குள் செத்துப்போகிறது, அவற்றைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை என்கிறார். அந்த எண்களில் மிகை இருக்கலாம். நமக்கு வேண்டிய செய்தி வேறு. தமிழ்நாட்டு வெக்கைக்கும் தீனிக்கும் ஒத்துவராத விலங்கு குதிரை. அதை இங்கே வளர்ப்பதே பெரும் செலவு. அதனால்தான் குதிரை எப்போதும் அதிகாரத்தின் அடையாளமாக இருந்தது. அய்யனார் கோயில் மண்குதிரை அத்தனை உயரமாக நிற்பதற்கும் இதில் ஒரு காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பாண்டியன் போருக்காக வாங்கிய குதிரையை வெள்ளைக்காரன் பொழுதுபோக்குக்காகவும் வாங்கினான். கிண்டியில் 1777 வாக்கிலேயே பந்தயம் தொடங்கிவிட்டது. மூன்று ஆண்டு கழித்து ஹைதர் அலியின் படை கர்நாடகத்துக்குள் புகுந்ததும் நின்றுபோனது. போர் வந்தால் நிற்பது, அமைதி திரும்பினால் மறுபடி ஓடுவது என்ற வழக்கம் பிறந்த சில ஆண்டுகளிலேயே அந்தத் திடலுக்கு வந்துவிட்டது. விட்டும் தொட்டும் நடந்த பந்தயத்தை ஒழுங்குபடுத்தி மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896-ல் அமைந்தது.

சிங்கப்பூரில் வரலாறு இன்னும் துல்லியமாகக் கிடைக்கிறது. 1842-ல் ஐரோப்பிய வணிகர்கள் கூடி ஸ்போர்ட்டிங் கிளப் ஒன்றைத் தொடங்கினார்கள். 1843 பிப்ரவரி 23 அன்று முதல் பந்தயம். பரிசு 150 டாலர். கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான டபிள்யூ.எச். ரீட் என்ற வணிகரே ‘கர்னல்’ என்ற குதிரையில் ஏறி ஜெயித்தார். கிளப்பும் அவர்களுடையது, குதிரையும் அவர்களுடையது, சவாரியும் அவர்களே. பந்தயத் திடல் சேற்று நிலத்தைத் திருத்தி அமைத்தது. இன்றைய லிட்டில் இந்தியாவின் ஓரத்தில், ஃபேரர் பார்க் என்று பின்னாளில் பெயர் பெற்ற இடம் அது. குதிரை போய் எத்தனையோ காலம் ஆனபிறகும் அங்கே ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற தெருப்பெயர் நிற்கிறது. இன்று அந்தத் தெருவில் வாழை இலைச் சாப்பாடு போடுகிறார்கள்.

அந்த வட்டாரம் தமிழர் வட்டாரமானதற்குத் திடலின் பக்கத்தில் நடந்த வேலைகள்தான் காரணம். சிரங்கூன் சாலையைத் தமிழர் சுண்ணாம்புக் கம்பம் என்று அழைத்தார்கள், சுண்ணாம்புக் காளவாய் இருந்ததால். பக்கத்திலேயே மாட்டு வியாபாரம். மலாய் மொழியில் எருமைத் தொழுவம் என்று பொருள்படும் கண்டாங் கெர்பாவ் என்பது அந்த இடத்தின் பெயர். தண்ணீரும் புல்லும் உள்ள தாழ்நிலம் என்பதால் மாடும் வந்தது, குதிரையும் வந்தது, அவற்றை மேய்க்கவும் கட்டவும் கறக்கவும் ஆட்கள் வந்தார்கள். சீனிவாசப் பெருமாள் கோயிலும் வீரமாகாளியம்மன் கோயிலும் அங்கே எழுந்தது அதன் தொடர்ச்சி. வெள்ளைத் துரைமார்களின் மாலை நேரத்தையும் தமிழ்க் கூலிகளின் அதிகாலையையும் ஒரே நிலம் தாங்கியது.

குதிரைப் பந்தயம் பற்றி எழுதப்பட்டவற்றில் இந்த அதிகாலை மிகக் குறைவாகவே வருகிறது. கோப்பையும் ஆளுநரும் பெண்களின் தொப்பியும் பக்கம் பக்கமாக வருகின்றன. குதிரைக்கு விடியுமுன் கொள்ளு ஊறவைத்தவர், உடம்பு தேய்த்துவிட்டவர், நடத்திச் சூடு தணித்தவர், லாடம் அடித்தவர் யார்? சென்னையில் வெள்ளைக்கார வீடுகளில் குதிரை ஒன்றுக்கு ஒரு குதிரைக்காரரும், புல்லறுக்க ஒரு பெண்ணும் இருப்பது வழக்கமாக இருந்தது. அந்தப் பெண் பெரும்பாலும் குதிரைக்காரரின் மனைவி. அவர்களில் மிகப் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். துரை வண்டியில் போகும்போது குதிரைக்காரர் பக்கத்திலேயே ஓடவும் வேண்டியிருந்தது. சிங்கப்பூரில் இந்த வேலையைச் செய்தவர்களில் பவியான் தீவிலிருந்து வந்தவர்கள் முக்கியமானவர்கள். கம்போங் காப்பூர் பக்கம் அவர்கள் கூட்டமாகக் குடியிருந்தார்கள். சைஸ் என்ற ஒரே சொல்லில் சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் மூன்று ஊர்க் குதிரைக்காரரையும் அழைத்தார்கள். ஜெயித்த குதிரையின் பெயர் பத்திரிகையில் வந்தது. சைஸின் பெயர் வரவில்லை.

குதிரையும் உள்ளூர்க் குதிரை இல்லை. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பல் கப்பலாக வந்தன. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் பெயரிலிருந்து அவற்றுக்கு வேலர் என்று பெயர். ஷாங்காயிலும் ஹாங்காங்கிலும் ஓடியவை மங்கோலியப் புல்வெளியிலிருந்து வந்த குட்டைக் குதிரைகள். கடல் கடந்தோ பாலைவனம் கடந்தோ வந்த குதிரை, கடல் கடந்து வந்த முதலாளி, பல ஊர்களில் கடல் கடந்து வந்த கூலி என்று ஏறத்தாழ எல்லாருமே வேற்றூரார். காலனித் துறைமுக நகரத்தின் முழு வடிவம் அந்த ஓட்டப் பாதைக்குள் தெரிகிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்த வடிவம் மிகத் தெளிவாகத் தெரிந்த ஊர் ஷாங்காய். நகரத்தின் நடுவே, 1860களில் அமைந்த மூன்றாவது திடலில் ஆங்கிலேயரின் ரேஸ் கிளப் நடந்தது. சீனர் உறுப்பினராக முடியாது. அவர்கள் சீட்டு வாங்கிப் பணம் கட்டலாம். பணத்தைத் தடுக்க வேலி இல்லை. இதைப் பொறுக்காத சீனச் செல்வர்கள் ஏறத்தாழ 1910-ல் நகருக்கு வெளியே கியாங்வானில் தங்களுக்கென்று ஒரு கிளப்பும் திடலும் அமைத்தார்கள். வெள்ளையர்களும் சேரலாம் என்று அதற்குச் சர்வதேச என்ற அடைமொழியும் கொடுத்தார்கள். ஹாங்காங்கில் பந்தயம் 1846-ல் தொடங்கி, கிளப் 1884-ல் அமைந்தும், 1920களின் இடைப்பகுதி வரை சீனருக்கு உறுப்பினர் இடம் கிடைக்கவில்லை. அந்தத் திடலில் நடந்த ஒரு கொடுமையை இங்கே சொல்லாமல் போகமுடியாது. 1918 பிப்ரவரி 26. பொதுமக்கள் உட்கார மூங்கிலும் பாயும் கட்டிப் போட்ட தற்காலிக மேடைகள் சரிந்தன. கீழே சாப்பாட்டுக் கடைகளின் அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. நெருப்பு பாயைப் பிடித்தது. ஏறத்தாழ 600 பேர் வெந்து மடிந்தார்கள். பெரும்பாலோர் சீனர். சீட்டுக்குப் பணம் வாங்கிய ஊர், உட்காரப் பத்திரமான இடம் தரவில்லை.

சிங்கப்பூரில் இத்தனை இறுக்கம் இல்லை என்று சொல்வார்கள். ஜொகூர் சுல்தான் பரிசு கொடுத்தார், தௌக்கே எனப்பட்ட சீன முதலாளிகள் குதிரை வைத்திருந்தார்கள் என்பதெல்லாம் உண்மை. ஆனால் நிர்வாகம் ஐரோப்பியர் கையில் இருந்தது. செல்வந்தருக்கு ஒரு கதவு திறந்ததை எல்லாருக்கும் திறந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சென்னையிலும் ஜமீன்தார்களும் ராஜாக்களும் குதிரை வாங்கி உள்ளே வந்தார்கள். கொழும்பில் 1893-ல் கறுவாத்தோட்டத்தில் திறந்த திடலிலும் இதே வரிசைதான்: மேலே மேடை, கீழே மைதானம், வெளியே வேலியைப் பிடித்து நிற்கும் கூட்டம்.

கீழே நின்றவர்கள் எதற்காக வந்தார்கள்? சூதாட்ட வெறி என்று ஒரே சொல்லில் முடிப்பவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. போருக்கு முந்தைய துறைமுக நகரத்தில் மூட்டை தூக்குபவருக்கு, குமாஸ்தாவுக்கு, ரிக்‌ஷா இழுப்பவருக்கு, சம்பளத்தைத் தாண்டி மேலே ஏற வேறு வழி ஏதும் கண்ணில் படவில்லை. படிப்பு இல்லை, நிலம் ஊரில் அடமானத்தில். கல்கத்தா டெர்பி ஸ்வீப் என்ற பந்தயப் பரிசுச்சீட்டு உலகமெங்கும் விற்றது இந்த ஏக்கத்தின்மேல்தான். சென்னையில் 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. கிண்டி ஸ்டேஷன் அந்தப் பாதையில் இருக்கிறது. ஜார்ஜ் டவுனில் வேலை செய்தவர் சில அணாவில் திடலுக்கு வந்துவிடலாம். அரசாங்கமும் இதைக் கவனித்தது. 1935-ல் மெட்ராஸ் மாகாணம் பந்தய வரிச் சட்டம் கொண்டுவந்தது. பந்தயப் பணத்தில் சர்க்காருக்கும் பங்கு வந்தது. அன்றிலிருந்து ‘ரேஸ் கெட்டது’ என்று அரசு சொல்லும்போதெல்லாம் அதன் கை கல்லாப்பெட்டியில் இருந்தது.

அதற்காக, பாதிப்பு இல்லை என்று நான் சொல்லவரவில்லை. சம்பள நாளில் கிண்டிக்குப் போய்விட்டுக் போட்டிருந்த சட்டை மட்டும் மிச்சமாக வீடு திரும்பியவர்களின் கதை சென்னையில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. புக்கியிடம் கடன், மார்வாடிக் கடையில் மனைவியின் சங்கிலி. இதன் கனம் முழுவதும் பெண்களின்மேல் விழுந்தது. பந்தயப் பணத்தைக் கூட்டிப் பங்கு கணக்கிடும் டோட்டலைசர் இயந்திரம் வந்து கணக்கு நேர்மையானபோதும், கிளப்புக்கும் அரசுக்கும் எடுத்தது போக மிச்சத்தைத்தான் ஜெயித்தவர்கள் பங்கு பிரிக்கிறார்கள். நெடுநாள் ஆடுபவர் தோற்பது ராசியால் அல்ல, கணக்கால்.

பிறகு போர் வந்தது.

ஷாங்காய் திடலில் 1941 நவம்பர் 12 அன்று சாம்பியன்ஸ் பந்தயம் வழக்கம்போல் நடந்தது. சுற்றிலும் சீன நகரம் நான்கு ஆண்டாக ஜப்பானியர் பிடியில் இருக்க, வெளிநாட்டார் குடியிருப்பு மட்டும் தனித்தீவாக மிதந்துகொண்டிருந்தது. நாலு வாரத்தில் அதுவும் போனது. டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை உள்ளே வந்தது. 1949-க்குப் பிறகு அந்தத் திடல் மக்கள் சதுக்கமும் மக்கள் பூங்காவும் ஆனது. 1934-ல் கட்டிய கிளப் கட்டடம், மணிக்கூண்டோடு, இப்போது நகர வரலாற்று அருங்காட்சியகம்.

சிங்கப்பூரில் கிளப் ஃபேரர் பார்க்கை விட்டு 1933-லேயே புக்கித் தீமாவின் புதிய, பெரிய திடலுக்குப் போய்விட்டது. ஆளுநர் சர் செசில் கிளெமென்டி திறந்துவைத்தார். பழைய திடல் பொது விளையாட்டு மைதானமாயிற்று. 1911-ல் ஜோசப் கிறிஸ்டியான்ஸ் என்ற பெல்ஜியக்காரர் சிங்கப்பூரின் முதல் விமானத்தை எழுப்பியதும் அந்த மண்ணிலிருந்துதான். ஆனால் அதன் பெரிய நாள் 1942 பிப்ரவரி 17. பதினைந்தாம் தேதி பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் சரணடைந்தார். இரண்டு நாள் கழித்து ஏறத்தாழ 45,000 இந்தியச் சிப்பாய்கள் ஃபேரர் பார்க்கில் திரட்டப்பட்டார்கள். வெள்ளை அதிகாரிகளை வேறு இடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். பிரிட்டிஷ் தரப்பில் ஓர் அதிகாரி அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார். ஜப்பானியர் தரப்பில் மேஜர் ஃபுஜிவாரா பேசினார். பிறகு கேப்டன் மோகன் சிங் பேசி, இந்திய தேசிய ராணுவத்தில் சேர அழைத்தார். சேர்ந்தவர்களும் உண்டு, மறுத்துச் சிறைப்பட்டு நியூ கினி வரை கொண்டுபோகப்பட்டு மடிந்தவர்களும் உண்டு. அடுத்த ஆண்டு சுபாஷ் சந்திர போஸ் வந்தபோது மலாயாத் தோட்டங்களின் தமிழர்கள், பெண்களும்கூட, அந்தப் படையில் திரளாகச் சேர்ந்தார்கள்.

ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டு இந்தியர்கள் அந்தத் திடலில் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அன்றைக்கு முதல்முறையாக, முழு மைதானமும் அவர்களால் நிறைந்தது. வெற்றியாளராக அல்ல, கைதிகளாக. ஆனாலும் தங்கள் நாடு எது, யாருக்காகச் சண்டை போட்டோம் என்று அவர்களில் ஒவ்வொருவரும் தனக்குத்தானே கேட்டு முடிவெடுக்கவேண்டிய இடமாக அந்த மண் ஆனது. குதிரைப் பந்தயத்தின் வரலாற்றில் இந்த நாளைச் சேர்க்காமல் எழுதுகிறவர்கள் பாதி வரலாற்றையே எழுதுகிறார்கள்.

கொழும்பில் திடல் வேறு விதமாகப் போரில் இறங்கியது. ஓட்டப் பாதை இருந்த இடத்தை விமானத் தளமாக மாற்றினார்கள். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது அவற்றை எதிர்க்கக் கறுவாத்தோட்டத்திலிருந்து ஹரிகேன் விமானங்கள் எழுந்தன. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழ, சென்னை வெறிச்சோடியது. அரசு அலுவலகங்கள் வெளியூர்களுக்கு நகர்ந்தன. தப்பிவிடுமோ என்று மிருகக்காட்சிசாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். மக்கள் தெற்கு ரயில்களில் சொந்த ஊர் பார்த்து ஓடிவந்தார்கள். அந்த நேரத்தில் கிண்டியில் எந்தக் குதிரை முந்தியது என்பது யாருக்கும் பொருட்டாக இல்லை.

போர் முடிந்ததும் சிங்கப்பூர், கொழும்பு, சென்னை மூன்று ஊர்களிலும் குதிரைகள் மறுபடி ஓடின. சிங்கப்பூரில் 1947-ல் ஓடின, பின்னாளில் திடல் கிராஞ்சிக்கு மாறியது. கொழும்பில் 1956-ல் பண்டாரநாயக்க ஆட்சி வந்தபின் பந்தயம் நின்றது. நுவரெலியாவில் மட்டும் தொடர்கிறது. சென்னையில் 1940களின் இடைப்பகுதியில் எழுதிய ஒப்பந்தப்படி 99 ஆண்டுக்கு, ஆண்டுக்கு 614 ரூபாய் சொச்சம் வாடகையில், கிண்டி நிலம் குத்தகையானது. வெள்ளையன் போகும் கையோடு எழுதிக்கொடுத்த இந்தத் தொகைதான் இன்றைய வழக்கின் வேர். இடையில் ரேஸை ஒழிக்க 1974-ல் தி.மு.க. ஆட்சியில் ஒரு சட்டம், கிளப்பை எடுத்துக்கொள்ள 1986-ல் அ.தி.மு.க. ஆட்சியில் ஒரு சட்டம். டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் 1996 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டம், சூதாட்டம் ஆகாது என்று கூறி, 1986 சட்டத்தையும் செல்லாது என்றது.

அந்தத் தீர்ப்பின் வாதம் வலுவானது. குதிரையின் வம்சம், பயிற்சி, சவாரிக்காரரின் கை, எடை, தரை எல்லாம் கணக்கில் வருகின்றன. ஆனால் திறமையா ராசியா என்ற ஒரே கேள்வியில் ஐம்பது ஆண்டைச் செலவழித்தோம். நிலம் யாருடையது, வாடகை நியாயமா, லாயத்தில் வேலை செய்பவருக்கு என்ன பாதுகாப்பு என்ற கேள்விகள் பின்வரிசையில் நின்றன. வாடகை பாக்கி 730 கோடி ரூபாய்க்கு மேல் என்று அரசு கேட்டபோதுதான் முதல் கேள்வி முன்னே வந்தது. கடைசிக் கேள்வி இன்னும் வரவில்லை. 118 ஏக்கரில் பூங்கா வரப்போகிறது என்கிறார்கள். கிண்டிக்குப் பக்கத்து வேளச்சேரியின் வெள்ளத்தைப் பார்த்தவன் என்ற முறையில், மழைநீர் தங்க அங்கே இடம் கிடைப்பதை நான் வரவேற்கிறேன். கிளப்போ நீதிமன்றம் போயிருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம், கிராஞ்சியைத் தொடர்ந்து, 1864-ல் தொடங்கிய பினாங்கு கிளப்பும் 2025-ல் பந்தயத்தை நிறுத்திவிட்டது.

திடல்கள் ஒவ்வொன்றாகப் போவதில் எனக்கு வருத்தம் இல்லை. அவை பெருமளவு சிலருக்காக இருந்த இடங்கள், பலருக்கானவையாக மாறட்டும். வருத்தம் வேறு. கிளப்புகளிடம் கோப்பைகளும் ஓவியங்களும் ஆண்டறிக்கைகளும் இருக்கின்றன, அவை பத்திரமாகவே இருக்கும். சைஸின் வரலாறு எந்த அலமாரியிலும் இல்லை. ஃபேரர் பார்க்கில் நின்ற சிப்பாயின் வரலாறும் தஞ்சோங் பகாரில் மசாலா அரைத்த பெண்ணின் வரலாறும் அரைகுறையாகத்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

அவை இருக்கக்கூடிய ஒரே இடம் நம் வீட்டுப் பரண். கடையநல்லூரிலோ தென்காசியிலோ செங்கோட்டையிலோ உங்கள் வீட்டில் சிங்கப்பூர், பினாங்கு, கொழும்பு முத்திரை குத்திய பழைய கடிதமோ, கப்பல் சீட்டோ, அடையாள அட்டையோ, ஸ்வீப் சீட்டோ, ஒரு குதிரையைப் பிடித்துக்கொண்டு தாத்தா நிற்கும் மங்கிய புகைப்படமோ இருந்தால், வெள்ளையடிக்கும்போது குப்பையோடு போட்டுவிடாதீர்கள். பின்புறத்தில் அவர் பெயரைப் பென்சிலால் எழுதி எடுத்து வையுங்கள்.